முதல் எஸ்எஸ்டி சண்டித்தனம் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஆறேழு வருடம் ஓடிய லப்டொப் ஒன்றுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) போடுவதைப்போல், கொடுத்த காசுக்குப் பலன் தரும் வேலை வேறு இல்லை. ஆனால் திருகோணமலையில் இதை முதன்முதலாகச் செய்கிறவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கேட்ட மொடல் பட்டணத்துக் கடையில் இல்லையென்றால் கொழும்பிலிருந்து கூரியரில்தான் வரவேண்டும். பிழையான சாமான் வந்துவிட்டால், திருப்பி அனுப்பி மாற்றி எடுக்க ஒரு கிழமை போய்விடும். கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கம் என்றால் இன்னும் அலைச்சல். அதைவிடக் கவலை தருவது, 'பழுது' என்று திருப்பிக் கொடுக்கப்படும் டிரைவ்களில் பல பழுதே இல்லாதவை என்பதுதான். குற்றம் கேபிளில் இருக்கும், பயோஸில் (கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்கும், அல்லது டிரைவைச் செருகிய இடத்தில் இருக்கும்.

ஆகவே கீழே உள்ளதை இந்த ஒழுங்கில் பாவியுங்கள்: உங்கள் அறிகுறியைத் தேடுங்கள், காசு செலவாகாத சோதனையை முதலில் செய்யுங்கள், டிரைவை அழிக்கும் வேலையைக் கடைசிக்கு விடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை, புதியது இரண்டு கிழமை ஒழுங்காக ஓடும்வரை அழிக்கவே வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: சிறிய நட்சத்திர முனை (பிலிப்ஸ்) ஸ்குரூ டிரைவர் இரண்டு (0, 1 இலக்கம்), 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ், டிரைவை யூஎஸ்பி போர்ட்டில் மாட்ட யூஎஸ்பி–சாட்டா கேபிள் ஒன்று, லப்டொப்பின் அடிமூடியை நெம்ப ஒரு பழைய ஏடிஎம் அட்டை. உலோகத்தால் நெம்பாதீர்கள், மூடியின் கொக்கி உடையும், கை வழுக்கினால் போர்டில் கோடு விழும். மென்பொருளில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிரைவின் நலத்தைக் காட்டுவது), கிறிஸ்டல்டிஸ்க்மார்க் (வேகத்தை அளப்பது) இரண்டும் இலவசம், இரண்டும் வேண்டும்.

வாங்க முதல் பார்த்தால் பாதிப் பிழை வராது

லப்டொப்பில் இப்போது 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதே 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்குகளின் வழமையான இணைப்பு முறை) எஸ்எஸ்டிதான் பாதுகாப்பான தெரிவு. எம்.2 ஸ்லொட் (அட்டை வடிவ டிரைவைச் செருகும் இடம்) இருந்தால், அது சாட்டா எடுக்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ எடுக்குமா என்று லப்டொப் கொம்பனியின் தளத்தில் மொடல் இலக்கத்தைப் போட்டுச் சரிபாருங்கள். கடைக்காரரிடம் 'எம்.2 ஒன்று தாங்கோ' என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் உள்ள மலிவு லப்டொப்களில் சேமிப்பு போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டது, கழற்ற முடியாது. அவற்றில் தனி எம்.2 ஸ்லொட் இருந்தால் மட்டுமே எஸ்எஸ்டி போடலாம்.

120 ஜிபி வாங்காதீர்கள். விண்டோஸும் அதன் அப்டேட்களும் ஒஃபிஸும் போட்ட பிறகு மிஞ்சும் இடத்தில் டிரைவுக்கே மூச்சு முட்டும். 240 போதும், 480 நல்லது. ஆயுளை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. மலிவு வகையில் பரவலாகக் கிடைக்கும் கிங்ஸ்டன் ஏ400 இன் 240 ஜிபி டிரைவுக்குக் கொம்பனி சொல்லும் எழுதும் அளவு 80 டெராபைட். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அது தீர 4,000 நாள், அதாவது கிட்டத்தட்ட 11 வருடம். 480 ஜிபிக்கு அது இரட்டிப்பு.

வாங்கும்போது இலங்கை முகவரின் வொரண்டி ஸ்டிக்கர் இருக்கிறதா, பில்லில் தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.

அறிகுறி: டிரைவ் பொருந்தவில்லை, அல்லது ஆடுகிறது

2.5 அங்குல எஸ்எஸ்டி 7 மி.மீ தடிப்பு. பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் பல 9.5 மி.மீ. அந்த 2.5 மி.மீ இடைவெளியால்தான் ஆடுகிறது. சில எஸ்எஸ்டிப் பெட்டியில் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று வரும், அதை ஒட்டுங்கள். வராவிட்டால் தடித்த மட்டையை வெட்டி மேல்பக்கம் வைத்தாலும் போதும். பழைய டிஸ்க்கைப் பிடித்திருந்த தகரச் சட்டத்தையும் அதன் ஸ்குரூக்களையுமே திரும்பப் பாவியுங்கள். வேறு நீளமான ஸ்குரூ போட்டு இறுக்கினால் அது உள்ளே போய் டிரைவின் போர்டைக் குத்தும். டெஸ்க்டொப்பில் சட்டம் இல்லையென்றால், எஸ்எஸ்டிக்குள் சுழலும் பாகம் இல்லை என்பதால் ஒரு பக்கம் இரண்டு ஸ்குரூ போட்டாலே நிற்கும்.

எம்.2 இல் விஷயம் நுணுக்கமானது. தங்க நிறப் பற்கள் உள்ள ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு, அதற்கு வெளியே 5 பல் தனியாக நின்றால் அது எம் வகை. என்விஎம்இ டிரைவ்கள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் பி, எம் இரண்டும் சேர்ந்த வகை. எம்.2 சாட்டா டிரைவ்களில் பெரும்பாலானவை இவை. இரண்டு வெட்டு உள்ள அட்டை, எம் வகை ஸ்லொட்டுக்குள் நன்றாகவே போகும், ஸ்குரூவும் பூட்டலாம். ஆனால் அந்த ஸ்லொட்டில் என்விஎம்இக்கு மட்டும் இணைப்புக் கொடுத்திருந்தால் டிரைவ் தெரியவே தெரியாது. பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. முதன்முதலாக எம்.2 வாங்குகிறவர் அதிகம் விழும் குழி இதுதான். இதற்கு டிரைவை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம். 2242 ஸ்லொட்டில் 2280 நுழையாது. அட்டையைச் சுமார் 30 பாகை சாய்வாகச் செருகுங்கள். சரியாகப் போனால் தங்கப் பற்களில் மயிரிழை அளவுதான் வெளியே தெரியும். கையை விட்டால் மறுமுனை தானாக எழும்பி நிற்கும். அதை அமர்த்திச் சின்ன ஸ்குரூவைப் பூட்டுங்கள். அமர்த்த முதலே தட்டையாகக் கிடந்தால் அட்டை முழுதாக உள்ளே போகவில்லை.

அறிகுறி: பயோஸிலேயே டிரைவ் தெரியவில்லை

முதலில் கரண்டை முற்றாக எடுங்கள். சார்ஜரைக் கழற்றி, பற்றரி வயரையும் போர்டிலிருந்து விடுவித்து, பவர் பொத்தானை 15 வினாடி அமர்த்திப் பிடியுங்கள். பிறகு டிரைவைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். பலருக்குக் காரியம் இத்தோடு முடியும்.

முடியாவிட்டால் பற்களைப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர வீடுகளில் யன்னல் திறந்தபடி வருடக்கணக்காக ஓடிய இயந்திரங்களில், கடல் காற்றின் உப்பு இணைப்புகளில் படியும். சாட்டா இணைப்பின் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சளாக மின்ன வேண்டிய கம்பிகள் மங்கியிருக்கும், சில இடத்தில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த மென்துணியால் ஆறுதலாகத் துடைத்து, 10 நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். மண்ணெண்ணெய், வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம்.

டெஸ்க்டொப் என்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். பல மதர்போர்ட்களில் எம்.2 ஸ்லொட்டில் அட்டை செருகியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் தானாக நின்றுவிடும். எவை என்று மதர்போர்ட் கைந்நூலில் இருக்கும். பவர் சப்ளையில் சாட்டா வயர் போதாமல் மோலெக்ஸ் மாற்றி வாங்குகிறீர்களா? வயர்கள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்க்கப்பட்ட மலிவு வகையை வாங்காதீர்கள். அது உள்ளே குறுக்கிணைந்து தீப்பிடிக்கக்கூடியது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பொருத்தப்பட்ட வகையைக் கேளுங்கள்.

லப்டொப்பில் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே மெல்லிய நாடாக் கேபிள் இருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால் நாடாதான் போய்விட்டது, எஸ்எஸ்டி அல்ல. கடைசிச் சோதனை: எஸ்எஸ்டியை யூஎஸ்பி–சாட்டா கேபிளில் மாட்டி வேறொரு கொம்பியூட்டரில் செருகுங்கள். அங்கே தெரிந்தால் டிரைவ் நலம்.

இன்டெல் 4 ஆம் தலைமுறை, அதற்கு முந்திய டெஸ்க்டொப்களில் மாற்றி அட்டை வழியாக என்விஎம்இ போட்டால், பெரும்பாலும் பயோஸ் அதிலிருந்து இயங்குதளத்தை எழுப்பாது. விண்டோஸுக்குள் போன பிறகு தரவு டிரைவாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த வயது இயந்திரத்துக்குச் சாட்டாவே பொருத்தம்.

அறிகுறி: பயோஸில் தெரிகிறது, 'திஸ் பிசி'யில் இல்லை

இது பழுதே அல்ல. புதிய டிரைவ் வெறும் காணி மாதிரி, வேலி போட்டால்தான் வளவு. தொடக்கப் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மனேஜ்மென்ட்' திறங்கள். 'இனிஷியலைஸ்' கேட்டால் ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துப் பதியும் புதிய முறை) தெரிவு செய்யுங்கள். கறுப்புப் பட்டியில் வலது கிளிக் செய்து புதிய வொலியூம் உருவாக்குங்கள், எழுத்து ஒன்றைக் கொடுங்கள். 'ஒஃப்லைன்' என்று காட்டினால், பெரும்பாலும் பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்ததால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கிறது என்று பொருள். நகலைச் சரிபார்த்து முடியும்வரை ஒன்றை மட்டும் மாட்டி வையுங்கள்.

அறிகுறி: விண்டோஸ் இன்ஸ்டோல் பண்ணும்போது டிரைவ் பட்டியல் வெறுமை

பயோஸில் என்விஎம்இ தெரிகிறது, இன்ஸ்டோலர் மட்டும் 'டிரைவ் இல்லை' என்கிறது. இன்டெல் 11 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய லப்டொப் என்றால் காரணம் பெரும்பாலும் விஎம்டி என்ற, டிரைவ்களை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு. இரண்டு வழி உண்டு. பயோஸுக்குள் போய் விஎம்டியை நிறுத்தலாம். அந்தத் தெரிவு இல்லாவிட்டால், லப்டொப் கொம்பனியின் தளத்திலிருந்து இன்டெல் ரெப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டோலரில் 'லோட் டிரைவர்' அமர்த்திக் காட்டலாம். விரிக்காமல் ஒற்றைக் கோப்பாகவே வைத்தால் இன்ஸ்டோலர் அதைக் கண்டுகொள்ளாது.

எந்த வழியை எடுத்தாலும் இன்ஸ்டோல் செய்த பிறகு மாற்றாதீர்கள். விஎம்டியையோ, சாட்டா டிரைவோடு இயந்திரம் பேசும் ஏஎச்சிஐ (புதியது), ஐடிஇ (பழையது) முறையையோ பிறகு மாற்றினால் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரைதான் வரும். பழைய அமைப்புக்குத் திருப்பினால் இயந்திரம் மீண்டும் எழும்பும். தரவு போகாது, பதற வேண்டாம்.

அறிகுறி: 'இந்த டிஸ்க்கில் விண்டோஸ் போட முடியாது'

செய்தியின் இரண்டாவது வரியை வாசியுங்கள். ஜிபிடி என்று குறை சொன்னால், பென் டிரைவ் பழைய பயோஸ் முறையில் எழும்பியிருக்கிறது. எம்பிஆர் (ஜிபிடிக்கு முந்திய முறை) என்று குறை சொன்னால், யூஇஎஃப்ஐ (பயோஸின் புதிய வடிவம்) முறையில் எழும்பியிருக்கிறது, டிஸ்க்தான் பழைய முறையில் இருக்கிறது. 2012 க்குப் பிந்திய இயந்திரம் என்றால் யூஇஎஃப்ஐயும் ஜிபிடியும் சேர்த்தே பாவியுங்கள். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவின் பெயர் இரண்டு முறை வரும். முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டதைத் தெரிவு செய்யுங்கள்.

டிஸ்க்கையே மாற்ற வேண்டுமென்றால், இன்ஸ்டோலரில் ஷிப்ட், எஃப்10 சேர்த்து அமர்த்துங்கள். கறுப்புச் சாளரத்தில் டிஸ்க்பார்ட் (diskpart), பிறகு லிஸ்ட் டிஸ்க் (list disk) என்ற கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இங்கே நில்லுங்கள். வரும் பட்டியலில் பெயர் இருக்காது, அடையாளம் காண இலக்கமும் அளவும்தான்: 465 ஜிபி, 223 ஜிபி, 14 ஜிபி. 465 உங்கள் பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 223 புதிய எஸ்எஸ்டி, 14 பென் டிரைவ். செலக்ட் டிஸ்க் (select disk) என்பதற்குப் பின் 223 க்கு நேரே உள்ள இலக்கம், பிறகு கிளீன் (clean), பிறகு கன்வேர்ட் ஜிபிடி (convert gpt). கிளீன் 'உறுதியா?' என்று கேட்காது. இலக்கம் பிழைத்தால் பிள்ளைகளின் படங்கள் அடங்கிய டிஸ்க் ஒரு வினாடியில் வெறுமையாகும். அதனால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

கழற்றி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்க விண்டோஸ் போட்டால், எழுப்பும் கோப்புகள் பழையதில் போய் உட்காரக்கூடும். ஆறு மாதம் கழித்துப் பழையதைக் கழற்றும்போது எஸ்எஸ்டி எழும்பாது, ஏன் என்று யாருக்கும் விளங்காது. முதல் நாளிலேயே இதைக் கண்டுபிடித்தால் எஸ்எஸ்டியை மட்டும் மாட்டித் திரும்ப இன்ஸ்டோல் செய்வதே கெதியான வழி.

எந்த விண்டோஸ் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லலாம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் 8 ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. அதற்கு முந்திய இயந்திரத்துக்கு லினக்ஸ் மின்ட் போடுவதே எங்கள் பரிந்துரை. தமிழ் தட்டச்சு அதில் நன்றாக வேலை செய்யும்.

அறிகுறி: பழைய டிஸ்க்கை நகலெடுத்தேன், எழும்பவில்லை

500 ஜிபி டிஸ்க்கிலிருந்து 240 ஜிபிக்கு நகலெடுக்கும்போது, குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருள் 'இலக்கு சிறியது' என்று நின்றுவிடும். தரவை 180 ஜிபிக்குள் குறைத்து, சி பகுதியை டிஸ்க் மனேஜ்மென்ட்டிலோ ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருளிலோ முதலில் சுருக்க வேண்டும். சுருக்கிய பிறகு குளோன்சில்லாவின் எக்ஸ்பர்ட் முறையில், இலக்கின் அளவைச் சோதிக்காமல் விடும் தெரிவையும் (-icds) எடுங்கள். அப்போதும் நின்றால், பெரும்பாலும் சி பகுதிக்குப் பின்னால் மீட்புப் பகுதி ஒன்று டிஸ்க்கின் கடைசியில் குந்திக்கொண்டிருக்கும். அதை ஜிபார்ட்டட்டில் முன்னுக்கு நகர்த்துங்கள்.

நகல் முடிந்து முதல்முறை எழுப்பும்போது பழைய டிஸ்க் மாட்டியிருக்கக் கூடாது. கறுப்புத் திரையில் கோடு மட்டும் மினுங்கினால், பழையது எந்த முறையில் எழும்பியதோ அதே முறையை, பழைய பயோஸா யூஇஎஃப்ஐயா என்று பார்த்து, அமைப்பில் வையுங்கள்.

நகலெடுக்கத் தொடங்க முதல் பழைய டிஸ்க்கைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள். சி5 (வாசிக்கத் தடுமாறும் இடங்களின் எண்ணிக்கை) என்ற வரியில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால் அந்த டிஸ்க் சாகக் கிடக்கிறது. முழு நகல் எடுக்கப் போய் அதை ஓட ஓட விரட்டாதீர்கள். முக்கியமான கோப்புகளை மட்டும் கொப்பி எடுத்து, எஸ்எஸ்டியில் புதிதாக இன்ஸ்டோல் செய்யுங்கள். உண்மையில் எல்லோருக்கும் எங்கள் ஆலோசனை இதுதான். திரும்பப் போட முடியாத கணக்கு மென்பொருள் இருந்தாலொழிய நகலெடுக்க வேண்டாம். பல வருட அழுக்கும் சேர்ந்தே புது வீட்டுக்கு வரும்.

அறிகுறி: எஸ்எஸ்டி போட்டும் வேகமில்லை

ஊகத்தை விடுங்கள், அளவெடுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்மார்க்கின் முதல் வரி, வாசிப்பு எண். அது எங்கே குற்றம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடும்.

வினாடிக்கு 500 முதல் 550 எம்பி என்றால் சாட்டா 3 இல் ஓடுகிறது, எல்லாம் சரி. 250 முதல் 280 என்றால் சாட்டா 2 போர்ட். எச்61 மதர்போர்ட்டில் சாட்டா 2 மட்டுமே உண்டு. எச்81 இல் நான்கில் இரண்டுதான் சாட்டா 3, கேபிளை அதற்கு மாற்றுங்கள். 35 முதல் 40 என்றால் யூஎஸ்பி 2.0 வழியாக அளக்கிறீர்கள். என்விஎம்இயில் 3,000 வர வேண்டிய இடத்தில் 1,600 அளவில் நின்றால் ஸ்லொட்டுக்கு நான்குக்குப் பதிலாக இரண்டு தரவுப் பாதைதான் கிடைக்கிறது. அது லப்டொப்பின் அமைப்பு, டிரைவின் குறை அல்ல.

சாட்டா 2 என்று அறிந்து மனம் உடைய வேண்டாம். அன்றாட வேகத்தைத் தருவது அந்தப் பெரிய எண் அல்ல, கடைசி வரியிலுள்ள 4கே எண்தான். விண்டோஸ் எழும்பும்போதும் குரோம் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் வாசிக்கப்படுகின்றன. சுழலும் டிஸ்க் அதில் வினாடிக்கு 1 எம்பியைக்கூட எட்டத் திணறும். மலிவு எஸ்எஸ்டியும் 20 க்கு மேல் போகும். பழைய எச்61 டெஸ்க்டொப்பிலும் அந்த வித்தியாசம் அப்படியே கிடைக்கும்.

எண் சரி, ஆனால் பெரிய கோப்பு கொப்பி பண்ணும்போது நடுவில் படுத்துவிடுகிறதா? கல்யாண வீடியோ 80 ஜிபியைக் கொப்பி செய்யும்போது முதல் பங்கு 400 எம்பியில் பறக்கும், பிறகு திடீரென்று 60, 80 என்று இறங்கும். மலிவு டிரைவ்களின் இயல்பு இது. ஒவ்வொரு சிப் அறையிலும் மூன்று அல்லது நான்கு பிட் நெருக்கி எழுதுவதற்கு நேரம் எடுக்கும். அதை மறைக்க டிரைவ், வெறுமையான இடத்தில் ஒரு பங்கை அறைக்கு ஒரு பிட் என்று தற்காலிகமாக வேகமாக எழுதிவைக்கிறது. அந்தப் பங்கு நிறைந்ததும் உண்மையான வேகம் வெளியே வரும். நான்கு பிட் வகையில் அது ஹார்ட் டிஸ்க்கை விடவும் குறையலாம். அரை மணி நேரம் சும்மா விட்டால் டிரைவ் பின்னணியில் ஒழுங்குபடுத்தி வேகம் திரும்பும். வீடியோ வெட்டுகிறவர் என்றால் மூன்று பிட் வகை, டிரேம் (டிரைவின் சொந்த நினைவகச் சிப்) உள்ள டிரைவ் வாங்குங்கள். ரியூஷன் குறிப்பு, கடைக் கணக்கு, இணையம் என்றால் இதை நீங்கள் உணரப்போவதே இல்லை.

டிரைவ் நிறைந்திருந்தால் அந்த வேகப் பங்கும் சுருங்கும். 240 ஜிபியில் 40 ஜிபியாவது எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். ஹைபர்னேஷன் பாவிக்காதவர் அதை நிறுத்தினால் சில ஜிபி மிஞ்சும்.

பிறகு 'டிஃபிராக்மென்ட் அன்ட் ஒப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறந்து பாருங்கள். உங்கள் டிரைவுக்கு நேரே 'சொலிட் ஸ்டேட் டிரைவ்' என்றிருக்க வேண்டும். 'ஒப்டிமைஸ்' அமர்த்தினால், அழித்த கோப்புகளின் இடம் எது என்று டிரைவுக்கு அறிவிக்கும் டிரிம் வேலை நடக்கும். பழைய டெஸ்க்டொப்களில் சாட்டா முறை ஐடிஇயில் இருந்தால் வேகம் குறையும். ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும், ஆனால் நீலத்திரை வராமல் மாற்ற ஒழுங்கு உண்டு: எம்எஸ்கொன்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட்' தெரிவு செய்து, திரும்ப எழுப்பும்போது நேரே பயோஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். சேஃப் முறையில் ஒருமுறை எழும்பியதும் அந்தத் தெரிவை எடுத்துவிட்டு மீண்டும் எழுப்புங்கள்.

இவ்வளவும் சரியாயிருந்தும் மந்தம் என்றால் டாஸ்க் மனேஜரில் ரேமைப் பாருங்கள். 4 ஜிபியில் 90 வீதம் நிறைந்திருந்தால் அடுத்த காசை ரேமுக்குச் செலவழியுங்கள்.

அறிகுறி: இடையிடையே சில வினாடி உறைந்து நிற்கிறது

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 வரி, சிஆர்சி பிழை எண்ணிக்கை. இன்றைக்கு எழுதிவைத்து மூன்று நாள் கழித்துப் பாருங்கள். எண் கூடினால் டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைகிறது, கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகு எண் குறையாது, ஆனால் கூடக் கூடாது. பழைய எண்ணைப் பார்த்து டிரைவைக் குறை சொல்லாதீர்கள்.

சி7 அசையாமல் நிற்க, விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 129 என்ற இலக்கத்தோடு 'ரீசெட் டு டிவைஸ்' வரிகள் வந்தால், மின்சேமிப்பு அமைப்புத்தான் சந்தேகத்துக்குரியது. பவர் பிளானை 'ஹை பெர்ஃபோமன்ஸ்' ஆக்கி இரண்டு நாள் பாருங்கள். உறைவது நின்றால் காரணம் அதுவே. அதோடு கொம்பனியின் மென்பொருளால் டிரைவின் ஃபேர்ம்வெயரை (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) புதுப்பியுங்கள். முதலில் தரவைக் கொப்பி எடுத்து, பற்றரி நல்லாயுள்ள லப்டொப்பிலோ யூபிஎஸ் உள்ள டெஸ்க்டொப்பிலோ மட்டும் அதைச் செய்யுங்கள்.

அறிகுறி: பகலில் மந்தம், இரவில் சரி

இது சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் அறைக்குள்ளேயே 35 பாகை தாண்டும். என்விஎம்இ டிரைவ்களில் பலவற்றுக்கு வேலைசெய்யும் எல்லை 70 பாகை. அதை நெருங்கியோ தாண்டியோ போனால் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் வெப்பநிலையைப் பார்த்தபடி ஒரு பெரிய கோப்பைக் கொப்பி செய்யுங்கள், தெரிந்துவிடும். லப்டொப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள், காற்றாடியின் தூசியைத் துடையுங்கள், டிரைவுக்கும் அடிமூடிக்கும் நடுவே 1 மி.மீ வெப்பப் பட்டை ஒட்டுங்கள். தடித்த பட்டை வைத்து மூடியை அமுக்கினால் அட்டை வளையும். 2.5 அங்குல சாட்டா டிரைவ்களில் இந்தத் தொல்லை அபூர்வம்.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு டிரைவ் காணாமல் போனது

எறிந்துவிடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்தால், எந்தத் தரவு எந்தச் சிப்பில் என்ற டிரைவின் உள் அட்டவணை குழம்பிப் போகும். அதை அதுவே திருத்திக்கொள்ள நேரம் கொடுங்கள். டெஸ்க்டொப்பில் தரவுக் கேபிளைக் கழற்றி, பவர் வயரை மட்டும் விட்டு, இயந்திரத்தை 20 நிமிடம் போட்டு வையுங்கள். நிறுத்தி 30 வினாடி விடுங்கள். இன்னொரு 20 நிமிடம். பிறகு தரவுக் கேபிளை மாட்டிப் பாருங்கள். லப்டொப்பில் தரவும் பவரும் ஒரே இணைப்பு என்பதால், பயோஸ் திரையில் நிறுத்தி அதே நேரக்கணக்கைச் செய்யுங்கள். க்ருஷியல் கொம்பனி தன் டிரைவ்களுக்கு அறிவித்த முறை இது. மற்றவற்றுக்கும் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. தெரிந்தவுடன் முதல் வேலை கொப்பி எடுப்பது.

மலிவு டிரைவ்களில் கரண்ட் போகும் கணத்தைத் தாங்கும் கொள்ளளவிகள் இருக்காது. பற்றரி செத்த லப்டொப்பும் டெஸ்க்டொப் மாதிரித்தான். டெஸ்க்டொப்புக்கு 650 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். மாரி தொடங்கும்போது இடி முழங்கினால் பிளக்கையே கழற்றுங்கள், சுவிட்ச் மட்டும் போதாது.

படங்களை எஸ்எஸ்டியில் போட்டு அலுமாரியில் வருடக்கணக்காக வைத்துவிடவும் வேண்டாம். கரண்ட் இல்லாத டிரைவில் சேமித்த மின்னேற்றம் மெல்லக் கசியும், வெப்பம் கூடக் கூட அது வேகமாகும். பழைய ஹார்ட் டிஸ்க் நலமாயிருந்தால் அந்த வேலைக்கு அதுவே பொருத்தம்.

அறிகுறி: அளவு குறைவாகக் காட்டுகிறது

240 என்றால் 223, 480 என்றால் 447, 1 டெராபைட் என்றால் 931. கொம்பனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது. இது ஏமாற்று அல்ல.

அளவு முழுதாகக் காட்டி, கோப்புகள் மட்டும் திறக்க மறுப்பதே ஏமாற்று. ஒன்லைனில் நம்ப முடியாத விலைக்கு வரும் 2, 4, 16 டெராபைட் 'வெளி எஸ்எஸ்டி'களுக்குள் சிறிய மெமரி கார்ட் ஒன்றே இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால், கோப்பு எதுவும் போட முதலே முழு டிரைவையும் எழுதி வாசித்துச் சோதியுங்கள். 240 ஜிபி சாட்டா டிரைவ் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போலப் போகும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிய முதல் செய்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால்

வேறொரு இயந்திரத்தில், வேறொரு கேபிளில் மாட்டியும் தெரியவில்லை; அல்லது சாட்டாவில் 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்) வரி, என்விஎம்இயில் 'மீடியா எரர்' வரி நாளுக்கு நாள் கூடுகிறது. அப்போது டிரைவ் உண்மையிலேயே பழுது. தெரியும் டிரைவ் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையைப் படம் எடுங்கள், தரவைக் கொப்பி எடுத்து டிரைவை அழியுங்கள். வொரண்டியில் வேறு டிரைவ்தான் தருவார்கள், உங்கள் கோப்புகளை அல்ல. என்னென்ன சோதித்தீர்கள் என்று நான்கு வரி எழுதிப் பில்லின் பிரதியோடு வையுங்கள். டிரைவில் ஒட்டியிருக்கும் எந்த ஸ்டிக்கரையும் கிழிக்காதீர்கள். கூரியரில் அனுப்புவதென்றால் வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, தொடர் இலக்கம் தெரியும் பக்கத்தை ஒருமுறை படம் எடுத்த பின் பெட்டியை ஒட்டுங்கள்.